கோப்புறை பெட்டியல்ல: மின்னஞ்சல் நூலகங்களின் எளிமை வாதத்துக்கு ஒரு மறுப்பு

மின்னஞ்சல் சேவையகத்தோடு பேசி, அங்குள்ள கோப்புறைகளையும் மடல்களையும் இன்னொரு செய்நிரலுக்கு எடுத்துக் கொடுக்கும் நிரல் தொகுதிக்கு மின்னஞ்சல் அணுகல் நூலகம் என்று பெயர். ஜாவாவுக்கு ஜாவாமெயில், பைத்தனுக்கு ஐமேப்லிப், பிஎச்பிக்கு சி-கிளையன்ட் மீது கட்டிய ஐமேப் நீட்சி, டொட்நெட்டுக்கு மெயில்கிட் என்று மொழிக்கு ஒன்றேனும் உண்டு. இவை எப்படி அமைய வேண்டும் என்பதில் நிரலாளர் பலர் ஒரே கருத்தில் நிற்கிறார்கள். கோப்புறை ஒரு பெட்டி. மடல் அதற்குள் அடுக்கிய தாள். பெட்டியைத் திறந்து பத்தாவது தாளை எடுத்து வாசிக்கலாம், வேண்டாவிட்டால் கிழித்துப் போடலாம். இதற்கு மேல் நிரலாளர் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. நெறிமுறையின் நுணுக்கங்களை நூலகமே விழுங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவு நல்ல நூலகம்.

இந்தக் கருத்து தவறு. பாடசாலை மாணவருக்கு மின்னஞ்சலை அறிமுகம் செய்யப் பெட்டி என்ற உவமை போதும். அதையே நூலகத்தின் அடித்தளமாக்கினால் மடல்கள் தொலைகின்றன, வாசிக்காதவை வாசித்தவையாக மாறுகின்றன, ஒருவருடைய மடலுக்குப் பதிலாக இன்னொருவருடையது அழிகிறது. கண்டி போன்ற இடத்தில் இந்தக் கேடுகள் கூடுதலாகவே வெளிப்படும். ஒரே அஞ்சல் கணக்கைப் பலர் பார்க்கும் அலுவலகங்கள், மலைகளுக்கிடையே அறுந்து அறுந்து வரும் இணைப்பு, மூன்று மொழிகளில் பெயரிட்ட கோப்புறைகள் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாகக் கூடுகின்றன.

பெட்டி உவமை ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1979இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எழுதிய எம்எச் என்ற அஞ்சல் அமைப்பில், கோப்புறை என்பது வட்டிலுள்ள ஓர் அடைவு. மடல் என்பது 1, 2, 3 என்று எண்ணிட்ட ஒரு கோப்பு. அஞ்சல் இருந்த கணினியும் வாசிப்பவர் உட்கார்ந்த கணினியும் ஒன்றே. மடலைத் தொட வேறு கை இல்லை. 1980களில் வந்த பாப் நெறிமுறையும் இந்தப் படத்தைக் கலைக்கவில்லை. பாப் மூன்றாம் பதிப்பில் கோப்புறை என்ற கருத்தே கிடையாது; ஒரேயொரு வரவுக் குவியல், அதை இறக்கிக்கொண்டு சேவையகத்திலிருந்து அழித்துவிடுவது வழக்கம். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சலைக் கொண்டுவந்த லேர்ன் வலையமைப்பின் காலமும் இதுதான். பேராதனையிலும் மொறட்டுவையிலும் முதன்முதலாக மின்னஞ்சல் பழகியவர்களுக்கு மடல் என்பது தம் கணினிக்கு வந்து சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு பொருள்.

அந்தக் காலம் போய்விட்டது. மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஐமேப் நெறிமுறை, மடல் சேவையகத்திலேயே இருக்கும், பலர் பல இடங்களிலிருந்து அதைப் பார்ப்பார்கள் என்ற எண்ணத்தில் பிறந்தது. 1994இல் நான்காம் பதிப்பு, 2003இல் ஆர்.எப்.சி. 3501 என்ற நெறிமுறை ஆவணம், 2021 ஆகஸ்டில் ஆர்.எப்.சி. 9051 என்று அது வளர்ந்தது. பேராதனையில் ஒரு விரிவுரையாளர் காலையில் திணைக்களக் கணினியில் அஞ்சலைத் திறக்கிறார். கண்டி நகருக்குப் போகும் பஸ்ஸில் அதே கணக்கைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறார். இரவு கட்டுகஸ்தோட்டை வீட்டில் மடிக்கணினியில் பார்க்கிறார். மூன்று செயலிகளும் மூடப்படாமல் ஒரே நேரத்தில் சேவையகத்தோடு இணைந்திருக்கும். திணைக்களத்தின் பொது முகவரி என்றால் இரண்டு லிகிதர்களும் ஒரு தானியங்கிச் செய்நிரலும் கூடச் சேர்வார்கள். இத்தனை கைகள் ஒரே நேரத்தில் புழங்கும் ஒன்றைப் பெட்டி என்று நூலகம் சொல்லிக்கொடுத்தால் அது பொய்த் தகவல்.

பொய் முதலில் வெளிப்படுவது எண்ணில். ஐமேப்பில் ஒரு மடலுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வரிசை எண்: கோப்புறையில் ஐந்து மடல்கள் இருந்தால் 1 முதல் 5 வரை. இரண்டாவது மடல் நீக்கப்பட்ட கணத்தில் மூன்றாவது இரண்டாவதாகிறது, நான்காவது மூன்றாவதாகிறது. மற்றது தனி எண்: ஒரு மடலுக்கு ஒரு முறை தரப்பட்டால் மாறாது, புது மடலுக்கு எப்போதும் முந்தையதைவிடப் பெரிய எண்ணே கிடைக்கும். பெட்டிக் கருத்து நிரலாளரின் கையில் கொடுப்பது வரிசை எண்ணை. பத்தாவது தாளை எடு என்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பட்டியலைப் பெற்ற நேரத்துக்கும் பத்தாவதை அழிக்கும் நேரத்துக்கும் இடையில், கைத்தொலைபேசியில் யாரோ ஒரு விளம்பர மடலை நீக்கியிருந்தால், பத்தாவது இப்போது வேறு மடல்.

நெறிமுறையை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வரிசை எண்ணை வைத்து ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது ஃபெட்ச், ஸ்டோர், சேர்ச் ஆகியவற்றுக்குப் பதில் தந்துகொண்டிருக்கும்போது, நீக்க அறிவிப்பை அனுப்பலாகாது என்று சேவையகத்துக்கு விதித்திருக்கிறார்கள். மற்றக் கட்டளைகளின்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நூலகம் தானாக அனுப்பும் ஒரு வெற்றுக் கட்டளைக்குப் பதிலாகவே நீக்க அறிவிப்பு வந்து சேரலாம். அந்தக் கணத்தில் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். இதை மறைக்கும் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலாளருக்குத் தன் எண் எப்போது பொய்யானது என்று அறிய வழியே இல்லை.

1998இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாமெயில் இந்தச் சிக்கலை ஓரளவு நேர்மையாகக் கையாண்டது. பிறர் நீக்கிய மடலை அது உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல், நீக்கப்பட்டது என்ற அடையாளத்தோடு வைத்திருக்கிறது. நிரலாளர் தாமே சுத்தம் செய்யச் சொல்லும்வரை எண்களை மாற்றுவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே ஜாவாமெயில், தனி எண்ணைப் பொதுக் கோப்புறை வகுப்பில் வைக்காமல் ஒதுக்கி, விருப்பமுள்ளவர் தேடிக்கொள்ளட்டும் என்று வேறோர் இடைமுகத்தில் வைத்தது. பாடப்புத்தக உதாரணங்கள் வரிசை எண்ணோடு நின்றுவிடுகின்றன. அவற்றைப் பார்த்து எழுதும் மாணவர் தனி எண் என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார்.

தனி எண்ணும் தனியே போதாது. கோப்புறை ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லுபடி எண் உண்டு. கோப்புறையை அழித்து அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலோ, சேவையகத்தின் சுட்டுப் பட்டியல் கெட்டுப் புதிதாகக் கட்டப்பட்டாலோ, நிறுவனம் தன் அஞ்சலைச் சொந்தச் சேவையகத்திலிருந்து கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாற்றினாலோ செல்லுபடி எண் மாறும். மாறிய பிறகு பழைய தனி எண்கள் எதற்கும் பொருளில்லை. கோப்புறைப் பெயர், செல்லுபடி எண், தனி எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மடல் என்றென்றைக்கும் அடையாளம் பெறும் என்பது நெறிமுறையின் வாக்கு. மூன்றில் ஒன்றை விட்டாலும் அந்த வாக்கு இல்லை.

அனுமதி விண்ணப்பங்களைப் பெறும் ஒரு பீட அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். செய்நிரல் ஒவ்வொரு விண்ணப்ப மடலின் தனி எண்ணையும் தரவுத்தளத்தில் மாணவர் பெயரோடு குறித்து வைக்கிறது. விடுமுறையில் அஞ்சல் புதிய சேவையகத்துக்கு மாற்றப்படுகிறது. திங்கட்கிழமை செய்நிரல் 40ஆம் எண்ணைக் கேட்கிறது. புதிய சேவையகத்திலும் 40 என்ற எண்ணுக்கு ஒரு மடல் இருக்கிறது. ஆனால் அது வேறொரு மாணவருடையது. பிழைச் செய்தி எதுவும் வராது. செல்லுபடி எண்ணை மறைத்த நூலகம் ஒரு மாணவரின் ஆவணத்தை இன்னொருவரின் பெயரில் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவிக்கும். நிரலாளரின் வசதிக்காக என்று சொல்லி மறைத்ததற்கான விலையை அந்த மாணவர் கொடுக்கிறார். இது பொறுக்கத்தக்கதன்று.

அடுத்தது அழிப்பு. பெட்டியில் தாளைக் கிழிப்பது ஒரு செயல். ஐமேப்பில் அது இரண்டு: மடலுக்கு அழிக்கத்தக்கது என்ற கொடி இடுவது ஒன்று, கொடி இட்டவற்றை உண்மையில் நீக்குவது மற்றது. இரண்டாவது கட்டளை, யார் கொடி இட்டது என்று பார்க்காது; கோப்புறையில் கொடி ஏறிய அத்தனையையும் நீக்கிவிடும். ஒரு லிகிதர் நான்கு மடல்களுக்குக் கொடி இட்டு, பிறகு யோசிக்கலாம் என்று விட்டிருக்கிறார். அதே கோப்புறையில் தானியங்கிச் செய்நிரல் தன் ஒரு மடலை அழித்துவிட்டுக் கோப்புறையை மூடுகிறது. ஜாவாமெயிலில் மூடும் கட்டளைக்கு ஆம், இல்லை என்று ஒரு விடை தரலாம். ஆம் என்றால் மூடும்போதே நீக்கமும் நடக்கும். லிகிதரின் நான்கு மடல்களும் போய்விடும். குறிப்பிட்ட தனி எண்களை மட்டும் நீக்கும் வசதி 1998இலேயே வகுக்கப்பட்டு 2005இல் ஆர்.எப்.சி. 4315 ஆகத் திருத்தப்பட்டது. மடலை அழி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்களையும் அடக்கும் நூலகம், இந்த இரண்டு வழிகளில் எதைப் பின்பற்றுகிறது என்று சொல்வதேயில்லை.

இடமாற்றமும் அப்படியே. 2013இல் ஆர்.எப்.சி. 6851 வரும்வரை ஐமேப்பில் மடலை நகர்த்த ஒரு கட்டளை கிடையாது. நகல் எடு, மூலத்துக்குக் கொடி இடு, நீக்கு என்று மூன்று படிகள். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரே மடல் இரண்டு கோப்புறைகளில் நிற்கும். நகர்த்து என்ற பெயரில் ஒரு செயல்கூற்றை மட்டும் காட்டும் நூலகம், சேவையகத்துக்கு அந்தக் கட்டளை தெரியுமா, தெரியாவிட்டால் எந்தப் படியில் நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வாசிப்பது தீங்கற்றது என்றே எல்லோரும் எண்ணுவார்கள். ஐமேப்பில் மடலின் உடலைச் சாதாரணமாகக் கேட்டாலே வாசித்தது என்ற கொடி ஏறிவிடும். கொடி ஏற்றாமல் எட்டிப் பார்க்கத் தனியான கேட்கும் முறை உண்டு. ஜாவாமெயிலில் அது ஓர் அமைப்பு. இயல்பாக அணைந்தே இருக்கும். கோப்புறையை எழுதும் உரிமையோடு திறந்து மடல்களைப் படித்துப் பட்டியலிடும் ஒரு சிறு செய்நிரல் இரவில் ஓடினால், காலையில் வரும் லிகிதருக்குப் புதிய மடலே இல்லை. எல்லாம் வாசித்தவையாகக் காட்சி தரும். பதில் அனுப்பப்படாமல் போன விண்ணப்பங்களுக்கு யார் பொறுப்பு என்று பிறகு தேடுவார்கள்.

வாசிப்பதில் இன்னொரு விடயம், மடலின் பருமன். மின்னஞ்சலில் இணைப்புக் கோப்பு எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுகிறது. மூன்று பைட்டு நான்கு எழுத்தாகிறது. 9 மெகாபைட்டு வருடப்பட்ட ஆவணம் 12 மெகாபைட்டைத் தாண்டிப் பயணம் செய்கிறது. மடலைக் கொண்டு வா என்ற ஒரே செயலை மட்டும் அறிந்த நூலகம், பொருள் வரியைப் பார்ப்பதற்காகக்கூட அவ்வளவையும் இழுக்கும். ஐமேப்போ தலைப்பகுதியைத் தனியே, உள்ளமைப்பின் கிளைப்படத்தைத் தனியே, ஒரு கிளையை மட்டும் தனியே, அதிலும் முதல் ஆயிரம் பைட்டை மட்டும் தனியே தரும். இதை எதிர்ப்பவர்கள், இணைய வேகம் கூடிவிட்டது, இனி இந்தச் சிக்கனம் எதற்கு என்கிறார்கள். கண்டி நகர மத்தியில் நார்க்கம்பி இணைப்பு உள்ளவருக்கு இது சரியாகப் படலாம். ஹந்தானை மலைச்சரிவிலும், நக்கிள்ஸ் அடிவாரத்திலும், புசல்லாவைத் தோட்டங்களிலும் கைத்தொலைபேசித் தரவை நாள் கணக்கில் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு ஒவ்வொரு மெகாபைட்டும் காசு.

இணைப்பு நிலையானது என்ற நம்பிக்கையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது, அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்ததோடு கண்டி மாவட்டத்தில் இணையத்தையும் கட்டுப்படுத்தியது. 2022 பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலும் மண்சரிவிலும் கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைக் கண்டது. இணைப்பு எப்போது அறும் என்று சொல்ல முடியாததால், இணைப்பின்றி வேலை செய்து, பிறகு சேவையகத்தோடு சேர்ந்து ஒத்திசைவது இங்கே வாழ்க்கை முறை.

ஒத்திசைவுக்கு நெறிமுறை தரும் கருவிகள் எவை என்று பார்த்தால், பெட்டிக் கருத்து எவற்றை மறைக்கிறதோ அவையேதான். செல்லுபடி எண் மாறவில்லையா என்று பார். கடைசியாகக் கண்ட தனி எண்ணுக்குப் பிறகு வந்தவற்றைக் கேள். பழையவற்றில் கொடி மாறியவற்றை மட்டும் கேள். மூன்றாவதுக்கு 2006இல் மாற்ற வரிசை என்ற எண்ணும், 2008இல் விரைவு மீளிணைவும் வந்தன. இரண்டும் 2014இல் ஆர்.எப்.சி. 7162 ஆக ஒன்றாயின. இவற்றைத் திறந்துகாட்டும் நூலகத்தைக் கொண்டு எழுதிய செயலி, மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் இருந்துவிட்டு வந்தாலும், மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும். இவற்றை மறைக்கும் நூலகத்துக்கு ஒரே வழி, கோப்புறை முழுவதையும் மறுபடி பட்டியலிடுவது. இருபதாயிரம் மடல் கொண்ட கோப்புறையில் பட்டியல் முடிவதற்குள் இணைப்பு மறுபடி அறும்.

கோப்புறையின் பெயருக்கு வந்தால், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு என்ற எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்று தமிழ் நிரலாளர் முதலிலேயே உணர்ந்திருக்க வேண்டும். பெயரிலே படிநிலை இருக்கிறது. படிகளைப் பிரிக்கும் குறி சேவையகத்துக்குச் சேவையகம் மாறும்: சிலவற்றில் சாய்கோடு, சிலவற்றில் புள்ளி, சிலவற்றில் படிநிலையே கிடையாது. பல்கலைக்கழகக் கல்வியாண்டை 2023/2024 என்று எழுதுவது வழக்கம். சாய்கோடு பிரிப்பியாக உள்ள சேவையகத்தில் இந்தப் பெயரில் கோப்புறை உருவாக்கச் சொன்னால், 2023 என்ற தாய்க் கோப்புறையும் அதற்குள் 2024 என்ற பிள்ளையும் பிறக்கும். புள்ளி பிரிப்பியாக உள்ள சேவையகத்தில் க.பொ.த என்று பெயரிட்டால் க, அதற்குள் பொ, அதற்குள் த என்று மூன்று படி. நடுவிலுள்ளவை மடல் எதையும் வைத்திருக்க முடியாத வெறும் பெயர்களாகவும் அமையலாம்; அவற்றைத் திறக்க முயன்றால் சேவையகம் மறுக்கும். பிரிப்பி எது, இந்தக் கோப்புறை திறக்கத்தக்கதா, பிள்ளைகள் உண்டா என்பதையெல்லாம் பட்டியல் கட்டளை சொல்லித்தான் விடுகிறது. அதை நிரலாளருக்குக் கடத்தாமல் வெறும் பெயர்ச் சரத்தை மட்டும் கொடுப்பது நூலகத்தின் குற்றம்.

எழுத்துக் குறியேற்றம் இதைவிட ஆழமானது. 2013இல் யூனிகோடு பெயர்களை நேராக அனுப்பும் நீட்சி வரும்வரை, ஐமேப் கோப்புறைப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்கும் ஒரு திரிந்த குறியேற்றத்தில்தான் பயணம் செய்தன. பெரும்பாலான சேவையகங்களில் இன்றும் அதுவே. கண்டி என்பது வாசிப்பவருக்கு 3 எழுத்து. யூனிகோட்டில் 5 குறிகள். அந்தப் பழைய குறியேற்றத்தில் 16 இலத்தீன் எழுத்துகளும் குறிகளும். பைத்தனின் ஐமேப்லிப் இந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை. நிரலாளர் தாமே செய்ய வேண்டும். பிஎச்பியின் பழைய மாற்றுச் செயல்கூறு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளோடு நின்றுவிடும். தமிழையும் சிங்களத்தையும் அது அறியாது. யூனிகோடு முழுவதையும் மாற்றும் வேறு செயல்கூறுகள் பிறகு வந்தும், பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து எழுதுபவர்கள் இன்னும் முன்னதையே எடுக்கிறார்கள்.

குறியேற்றம் சரியானாலும் சிக்கல் தீர்வதில்லை. தோட்டம் என்று ஒரு கோப்புறை. மலையகத்தில் இதைவிட இயல்பான பெயர் எது? தோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சேவையகம் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்காவிட்டால் அவை இரண்டு கோப்புறைகள். தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர் ஒரு விசைப்பலகையில் உருவாக்கிய தோட்டம் கோப்புறையில் செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவு) மடல்கள் சேர்கின்றன. கொழும்பிலுள்ள செய்நிரல் வேறு முறையில் எழுதிய அதே பெயரைத் தேடி, அப்படியொரு கோப்புறை இல்லை என்று முடிவு செய்து, புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. இருவரும் தம் திரையில் தோட்டம் என்றுதான் காண்கிறார்கள். ஸ்ரீ என்ற எழுத்தோ இன்னும் மோசம்: அதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த வேறொரு சகரத்தாலும் எழுதலாம், தோற்றம் ஒன்று, ஆனால் யூனிகோட்டின் சமன் விதிப்படியும் இவை வெவ்வேறு. சிங்களத்தில் ஸ்ரீயை எழுதக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று வேண்டும். தேவையற்ற குறி என்று எண்ணி அதை நீக்கிச் சுத்தம் செய்யும் நூலகம், சேவையகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே நூலகம் சேவையகம் தந்த பெயரை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். காட்சிக்கான பெயரை வேறாகத் தர வேண்டும். ஒப்பிடும்போது சமன் விதிகளைப் பயன்படுத்தி, ஐயம் எழுந்தால் நிரலாளரிடம் சொல்ல வேண்டும். ஒரே சரத்தைப் பெயராகவும் அடையாளமாகவும் காட்சியாகவும் பயன்படுத்தும் எளிமை, ஆங்கிலத்தில் மட்டும் பெயரிடுபவர்களின் எளிமை. மும்மொழி ஊரில் அது செல்லாது.

அனுப்பிய மடல், வரைவு, குப்பை ஆகிய கோப்புறைகளைப் பெயரால் கண்டுபிடிக்க முயல்வதும் இதே பிழை. ஜிமெயிலில் அந்தப் பெயர்கள் கணக்கின் மொழி அமைப்புக்கேற்ப மாறும். எந்தக் கோப்புறை எந்த வேலைக்கு என்பதைப் பண்பாகவே அறிவிக்கும் முறை 2011இல் ஆர்.எப்.சி. 6154 ஆக வந்துவிட்டது. அதைப் படிக்காமல் ஆங்கிலப் பெயரைத் தேடும் செய்நிரல், அனுப்பிய மடலின் நகலை வைக்க இடம் தெரியாமல் இரண்டாவது கோப்புறை ஒன்றை உருவாக்கிவிடும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஜிமெயில்தானே, சேவையகங்களின் வேறுபாடு பற்றிய இந்தக் கவலையெல்லாம் பழங்கதை என்பது. ஜிமெயிலை எடுத்துக்கொண்டால் பெட்டிக் கருத்து இன்னும் விரைவாக உடைகிறது. அங்கே கோப்புறையே கிடையாது, சிட்டை உண்டு. ஒரு மடலுக்கு மூன்று சிட்டை இட்டால், ஐமேப் வழியே அது மூன்று கோப்புறைகளில், மூன்று தனி எண்களோடு, அதற்கு மேல் எல்லா அஞ்சல் என்ற கோப்புறையிலும் தோன்றும். பெட்டிக் கணக்கில் நான்கு மடல். செய்நிரல் நான்கு முறை இறக்கும், நான்கு முறை பதில் அனுப்பும். சிட்டைக் கோப்புறை ஒன்றிலிருந்து மடலை நீக்கினால், இயல்பான அமைப்பில் சிட்டை மட்டும் உரிகிறது. மடல் எல்லா அஞ்சலில் அப்படியே நிற்கிறது. அழித்துவிட்டேன் என்று நூலகம் சொல்வது உண்மையல்ல. இதைத் தீர்க்க ஜிமெயில் மடலுக்கென்றே மாறாத ஓர் அடையாளத்தை நீட்சியாகத் தருகிறது, 2018இல் ஆர்.எப்.சி. 8474 அதையே எல்லோருக்கும் பொதுவாக்கியது. 2019இல் வந்த ஜேமேப் என்ற நெறிமுறை இன்னும் தெளிவு: அங்கே மடல் தனியே நிற்கிறது, எந்தெந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்பது மடலின் ஒரு பண்பு மட்டுமே. ஐமேப் பழையது, புதியது வந்தால் எல்லாம் எளிதாகும் என்பவர்கள் எதிர்பார்க்கும் அந்தப் புதிய நெறிமுறையே பெட்டியைக் கைவிட்டுவிட்டது.

பாப், ஐமேப், வட்டுக் கோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே இடைமுகம் தருவதே நூலகத்தின் பெருமை என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். ஜாவாமெயிலில் பாப் கணக்கைத் திறந்தால் வரவுக் கோப்புறை ஒன்றே இருக்கும். நீக்கு என்ற கட்டளையைக் கொடுத்தால் இந்த முறை ஆதரிக்கப்படவில்லை என்ற விதிவிலக்கு எழும். ஒரே இடைமுகம் என்பது தலைப்பில் மட்டும். வேறுபாடு உள்ள இடத்தில் வேறுபாட்டை வகையிலேயே காட்டுவது நிரலாளருக்குச் செய்யும் உதவி. ஓடும்போது வெடிக்க விடுவது உதவியாகாது.

நெறிமுறையின் கரடுமுரடான பதில்களை அப்படியே நிரலாளர் கையில் கொட்டுவதும் தீர்வல்ல. ஐமேப்லிப் அதைத்தான் செய்கிறது. அடைப்புக்குறிகளையும் மேற்கோள்களையும் ஒவ்வொருவரும் தாமே பிரித்தெடுத்து, ஒவ்வொருவரும் தம் வழியில் பிழை செய்கிறார்கள். மறைக்க வேண்டியது சொற்றொடர் அமைப்பை. காட்ட வேண்டியது அடையாளத்தையும் நிலையையும். மெயில்கிட் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட நூலகம். அதில் வரிசை எண் ஒரு வகை, தனி எண் வேறொரு வகை. தனி எண் தன்னோடு செல்லுபடி எண்ணையும் சுமக்கிறது. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் தொகுக்கும்போதே பிடிபடும். நிரலாளர் எழுதும் வரிகள் இதனால் கூடிவிடவில்லை. எளிமையும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்துக்கு இதுவே நேரான மறுப்பு. ஒரு முறை ஓடிவிட்டு முடியும் சிறு செய்நிரலுக்கும், மடல் அனுப்ப மட்டும் பயன்படும் நூலகத்துக்கும் இவ்வளவு கவனம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். பிறருடைய மடலைத் தொடும் எதற்கும் அந்தச் சலுகை இல்லை.

2021 ஆகஸ்டில் வந்த ஆர்.எப்.சி. 9051, குறிப்பிட்ட மடலை மட்டும் நீக்குவது, ஒரே கட்டளையில் நகர்த்துவது, கோப்புறையின் வேலையைப் பண்பாக அறிவிப்பது ஆகியவற்றை நீட்சி என்ற நிலையிலிருந்து எடுத்து நெறிமுறையின் உடலிலேயே சேர்த்துவிட்டது. கோப்புறைப் பெயர்களையும் யூனிகோட்டுக்குக் கொண்டுவந்தது. சேவையகம் தரமாட்டாது என்று நூலகம் சாக்குச் சொல்லிய காலம் இத்துடன் முடிகிறது. பேராதனையிலும் கண்டியிலும் நிரலாக்கம் கற்பிப்பவர்கள் மின்னஞ்சல் பயிற்சியை வரிசை எண்ணில் தொடங்குவதைக் கைவிட வேண்டும். அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுபவர்கள், செல்லுபடி எண்ணைத் திருப்பித் தராத, தமிழ்க் கோப்புறைப் பெயரைச் சிதையாமல் எடுத்துச் செல்லாத நூலகத்தை வாங்காதிருக்க வேண்டும்.